தருமபுரிக்குக் கால்வாய் மின்கம்பியில்தான் வருகிறது

தமிழ்நாட்டு மின்வாரியத்தின் கடனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: விவசாயப் பம்புசெட். விவசாயிக்கு மின்சாரத்தைச் சும்மா கொடுத்ததால் வாரியம் நொடித்தது, காசில்லாமல் கிடைப்பதால் அவர் மோட்டாரை இரவு பகலாக ஓடவிட்டு நிலத்தடி நீரைக் காலி செய்துவிட்டார், மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்க ஆரம்பித்தால் வாரியமும் பிழைக்கும், தண்ணீரும் மிஞ்சும் என்கிறார்கள். தலையங்கங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இது முடிந்துபோன தீர்ப்பாகவே சொல்லப்படுகிறது. 2020 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட மின்சாரத் திருத்த மசோதா வரைவும் இந்த வழியில்தான் போனது. விவசாயி முழுக் கட்டணத்தையும் கட்டட்டும், மானியத்தை அரசு அவர் வங்கிக் கணக்கில் போடட்டும் என்பது அதன் யோசனை.

நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது என்பது உண்மை. வாரியம் கடனில் மூழ்கியிருப்பதும் உண்மை. இவை இரண்டுக்கும் பம்புசெட் விவசாயியைக் காரணம் காட்டுவதும், யூனிட் கட்டணத்தை மருந்தாகச் சொல்வதும் தவறு. எல்லா மாவட்டத்துக்கும் சேர்த்து நான் இதைச் சொல்லவில்லை. தருமபுரியின் நிலத்தையும் கிணற்றையும் வைத்துச் சொல்கிறேன். ஏனென்றால், இந்தக் கட்டணம் வந்தால் முதல் அடி விழப்போவது இங்கேதான்.

காவிரி இந்த மாவட்டத்தின் மேற்கு எல்லையில் ஓடுகிறது. ஒகேனக்கல்லில் பாறைகளுக்கு நடுவே விழுந்து, பென்னாகரம் வட்டத்தின் ஓரமாகவே மேட்டூருக்குப் போகிறது. ஏரியூர், நாகமரை பக்கம் போனால் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பின்பகுதி கண்ணுக்கெட்டும் தூரம் விரிந்து கிடக்கும். ஆனால் ஆறு போவது பள்ளத்தில், நிலம் இருப்பது மேட்டில். தருமபுரி நகரம் அந்த நீர்மட்டத்துக்கு மேலே நூற்றைம்பது மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது இந்தக் கரையில் ஊர்கள் தண்ணீருக்குள் போயின. பாசனம் கீழே போனது. அதில் எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. டெல்டா விளைந்தால்தான் நாடு சாப்பிடும். ஆனால் அங்கே மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்குப் போகிறது. அணையைக் கட்டியது அரசு, கால்வாயைத் தூர்வாருவது அரசு, ஷட்டரைப் பழுதுபார்ப்பது அரசு. டெல்டா விவசாயி அந்தத் தண்ணீருக்கு யூனிட் கணக்கில் விலை தர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது.

தருமபுரிக்கு அப்படி ஒரு மதகு கிடையாது. பஞ்சப்பள்ளிச் சின்னாறு, தொப்பையாறு, நாகாவதி, வாணியாறு என்று சிறு அணைகள் உண்டு, மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் உண்டு. மற்றபடி மாவட்டத்தின் பெரும்பகுதி கிணற்றையும் போரையும் நம்பித்தான் இருக்கிறது. தஞ்சாவூருக்குக் கால்வாயாகப் போய்ச் சேர்ந்த அரசுப் பணம், இந்த மாவட்டத்துக்கு மின்கம்பியாக வந்தது. காவிரி உபரி நீரை மேலே ஏற்றி ஏரிகளை நிரப்புங்கள் என்று இந்த மாவட்டம் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் அதற்காகக் கடையடைப்பும் நடந்தது. நாளைக்கே அந்தத் திட்டம் நிறைவேறினாலும் தண்ணீர் மேட்டுக்கு ஏறுவது மின்சாரத்தால்தான். குடிநீருக்கு அப்படித்தான் நடந்தது. ஜப்பான் நிதியுதவியோடு 1,928 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கி 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஆற்று நீரைப் பம்ப் செய்து மேட்டுக்கு ஏற்றித்தான் ஊர்களுக்கு அனுப்புகிறது. அந்த மின்சாரத்தை யாரும் வீண்செலவு என்று சொல்லவில்லை, ஏனென்றால் அதைச் செலவழிப்பது அரசுப் பம்பு. அதே வேலையை ஒரு விவசாயியின் பம்பு செய்தால் மட்டும் ஏன் அது ஊதாரித்தனம் ஆகிறது?

இனி அந்தக் கட்டணக் கணக்குக்கு வருவோம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் தூக்க, இயற்பியல் கணக்குப்படி கால் யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். நம் ஊர் மோட்டார்களும் பழைய பைப்புகளும் அதில் நாற்பது சதவீதம் தேறினாலே அதிகம். அப்படியானால் நாற்பதடிக் கிணற்றிலிருந்து ஆயிரம் லிட்டர் எடுக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. எண்ணூறு அடிப் போரிலிருந்து அதே ஆயிரம் லிட்டர் எடுக்க ஒன்றரை யூனிட்டுக்கு மேல் ஆகும். ஒரே அளவு தண்ணீருக்கு இருபது மடங்கு வித்தியாசம். யூனிட்டுக்குக் காசு என்று வைத்தால், ஆற்றோரத்தில் நாற்பதடியில் தண்ணீர் உள்ளவர் எவ்வளவு இறைத்தாலும் அவருக்குச் சுமை தெரியாது. பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் மொரப்பூரிலும் எண்ணூறு, ஆயிரம் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுக்கிறவர்தான் மாட்டிக்கொள்வார். தண்ணீரை அதிகம் எடுப்பவரை இந்தக் கட்டணம் தொடவே தொடாது. அது ஆழத்துக்குப் போடுகிற வரி.

ஓர் ஏக்கருக்கு, மழை போக, ஆயிரம் கன மீட்டர் பாய்ச்சுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போகக் கடலைக்கு அது தாராளம் இல்லை. எண்ணூறு அடியில் அதற்கு 1,600 யூனிட்டுக்கு மேல் ஆகும். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்றாலும் எட்டாயிரம் ரூபாய். விதை, உழவு, களை, பறிப்புக் கூலி எல்லாம் போய் ஒரு ஏக்கர் கடலையில் எட்டாயிரம் மிஞ்சாத வருடங்கள் இங்கே நிறைய. மானியம் வங்கிக் கணக்குக்கு வரும் என்கிறார்கள். எப்போது வரும்? குத்தகைக்கு உழுகிறவருக்கு வருமா, பட்டாக்காரருக்கு வருமா? தாத்தா பெயரில் இருக்கும் இணைப்புக்கு எந்தப் பேரனின் கணக்கில் வரும்? இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் பாதிச் சிக்கல் இதில்தான் இருக்கிறது. பில் மட்டும் குறித்த தேதிக்கு வந்துவிடும்.

அடுத்து, மோட்டாரை இரவு பகலாக ஓடவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. பஞ்சாபின் வண்டல் மண்ணையும் கங்கைச் சமவெளியையும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லப்படுவது இது. அங்கே பூமிக்கடியில் மணலும் வண்டலும் அடுக்கடுக்காகத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கின்றன. ஓடவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே அடியில் இருப்பது பாறை. அந்தப் பாறையின் இடுக்குகளில் தங்கியிருக்கும் தண்ணீர்தான் நமக்குக் கிடைப்பது. பாலக்கோடு பக்கத்துத் தக்காளித் தோட்டம் ஒன்றில் ஏழரை எச்.பி. மோட்டார் ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். கரண்ட் வந்து பச்சை பட்டனை அமுக்கியதும் பைப் நிறையத் தண்ணீர் கொட்டும். இருபது நிமிடம், அரை மணி நேரம். பிறகு தண்ணீர் மெலியும். இடையிடையே காற்று புஸ் புஸ்ஸென்று வரும், ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்பியர் முள் கீழே இறங்கும். இதற்கு மேல் ஓட்டினால் மோட்டார் தண்ணீரில்லாமல் சூடேறிக் காயில் எரிந்துபோகும். மோட்டாரை வெளியே எடுக்க வண்டி, ஆள்கூலி, ரீவைண்டிங் என்று ஒரு பறிப்புக் காசு அதிலேயே போய்விடும். அதனால் விவசாயி தானே ஓடிப்போய் நிறுத்துகிறார். மூன்று நான்கு மணி நேரம் ஊறவிட்டு மறுபடி ஓட்டுகிறார். போரில் வருகிற அந்தக் கொஞ்சத் தண்ணீரைப் பழைய திறந்த கிணற்றில் விட்டுச் சேர்த்துவைத்து, அங்கிருந்து இன்னொரு மோட்டார் வைத்துப் பாய்ச்சுகிறவர்கள் ஏராளம். சொட்டுநீர்க் குழாய் போடாத தக்காளித் தோட்டம் இந்தப் பக்கத்தில் இப்போது அரிது. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் படிப்பினையை இவர்களுக்குப் பாறையே கற்றுக்கொடுத்துவிட்டது. மின்கட்டணம் வந்து கற்றுத்தர வேண்டிய நிலையில் இவர்கள் இல்லை.

இந்த மின்சாரத்துக்கு விவசாயி ஒன்றுமே செலவழிப்பதில்லை என்ற எண்ணமும் நகரத்தில் பரவியிருக்கிறது. சாதாரண வரிசையில் விவசாய இணைப்புக்கு மனுப் போட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள். காத்திருக்க முடியாதவர்களுக்கு வாரியம் தட்கல் திட்டம் கொண்டுவந்தது. 5 எச்.பி.க்கு இரண்டரை லட்சம், ஏழரைக்கு இரண்டே முக்கால் லட்சம், 10-க்கு மூன்று லட்சம், 15-க்கு நான்கு லட்சம் ரூபாய் கட்டி இணைப்பு வாங்கியவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். நகை அடமானத்தில் வந்த பணம் அது. அதற்கு முன் ரிக் வண்டிக்குக் கொடுத்தாக வேண்டும். ஆழம் கூடக் கூட அடிக்கு விலை ஏறும், தண்ணீர் வராவிட்டாலும் காசு கொடுத்தே ஆக வேண்டும். தூசி மட்டும் பறந்த போர்களை மூடி வைத்திருக்கும் தோட்டங்கள் எத்தனையோ. அப்புறம் கேசிங், மோட்டார், கேபிள், பைப். இத்தனைக்கும் பிறகு வந்து சேரும் மின்சாரத்தின் தரம் என்ன? 2021 ஏப்ரல் 1 முதல் 24 மணி நேர மும்முனை மின்சாரம் என்று அறிவித்தார்கள். நடப்பில் பல இடங்களில் ஷிப்ட் முறைதான். ராத்திரி முறை வந்தால் பாம்பு நடமாடும் வரப்பில் டார்ச்சோடு போய் நிற்க வேண்டும். கோடையில் வோல்டேஜ் இறங்கினால் ஸ்டார்ட்டர் பிடிக்காது. டிரான்ஸ்பார்மர் எரிந்தால் அதைக் கழற்றி ஏற்றி இறக்கும் வண்டி வாடகையை ஊரே பணம் போட்டுக் கொடுக்க வேண்டிவருகிறது. நகரத்தில் ஒரு தெருவில் இப்படி நடந்தால் மறுநாள் சாலை மறியல் நடக்கும்.

வாரியத்தின் கடனுக்கு வருகிறேன். ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டிய கடன் அது. விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் 1984-ல் சிறு விவசாயிகளுக்கு வந்தது, 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் விரிந்தது. கடன் பூதாகாரமானது அதற்கு வெகு காலம் பின்னால். 2008-லிருந்து சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின்வெட்டில் கிடந்தது ஞாபகம் இருக்கும். தேவை வளரும் என்று தெரிந்தும் புதிய மின்நிலையங்கள் உரிய காலத்தில் முடியவில்லை. வடசென்னையின் 800 மெகாவாட் மூன்றாம் நிலை 2024 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. ராமநாதபுரத்து உப்பூர் திட்டம் பாதியில் கைவிடப்பட்டது. அந்த இடைவெளியை வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்கி நிரப்பினார்கள், வாங்கக் கடன் வாங்கினார்கள், கடனுக்கு வட்டி கட்டக் கடன் வாங்கினார்கள். 2014-க்கும் 2022-க்கும் இடையில் கட்டணமே உயர்த்தப்படவில்லை. 2017 ஜனவரியில் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது வாரியத்தின் கடனில் 22,815 கோடியை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அப்படியும் கடன் மறுபடி ஏறியது. இதில் எந்த முடிவை எடுத்தது தருமபுரி விவசாயி?

விவசாயத்துக்குப் போகும் மின்சாரம் எவ்வளவு என்பதே ஒரு மதிப்பீடுதான். சுமார் 23 லட்சம் பம்புசெட் இணைப்புகளில் பெரும்பாலானவற்றில் மீட்டர் இல்லை. எச்.பி. கணக்கை வைத்துத்தான் அரசு மானியம் தருகிறது. மீட்டர் உள்ள இடங்களில் அளந்ததைக் கழித்துவிட்டு, மீதியில் கம்பி இழப்பு எவ்வளவு, திருட்டு எவ்வளவு, விவசாயம் எவ்வளவு என்று பிரிக்கும் இடத்தில், விவசாயத்தின் பங்கைக் கூட்டிக் காட்டினால் இழப்பு குறைவாகத் தெரியும். அளக்காத ஒரு தொகையை எடுத்துக்கொண்டு ஒரு வர்க்கத்தையே குற்றவாளி ஆக்குவது நியாயம் ஆகாது.

2016 மே முதல் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏ.சி. ஓடும் வீட்டுக்கும் அது உண்டு. சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்க மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் ஆலைகள் வந்தன. அந்த முறையில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும், எண்ணூறு அடிப் போரில் ஆவதைப் போல இரண்டு மடங்கு. சென்னைக்காரர்கள் தாகத்தில் கிடக்க வேண்டும் என்று எந்த விவசாயியும் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாத இடத்துக்குப் பொதுப் பணத்தில் மின்சாரம் செலவழித்துத் தண்ணீர் கொண்டுபோவது சரியான கொள்கைதான். அந்தக் கொள்கை தொப்பூர் கணவாயைத் தாண்டி மேலே வந்தால் மட்டும் பிழையாகிவிடக் கூடாது என்பதுதான் நான் கேட்பது.

நாட்டின் மின் கட்டமைப்புக்கு இந்த நிலமும் தன் பங்கைத் தந்துகொண்டிருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர்ப் பக்கத்துப் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் லைன் மேற்கு மாவட்டங்களின் தோட்டங்களைக் கடந்து போகிறது. பவர்கிரிட்டின் 765 கிலோவோல்ட் துணைமின் நிலையம் தருமபுரியிலேயே இருக்கிறது. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்பது 2015-ல் மத்திய மின்துறை வகுத்த இழப்பீடு. அந்தப் பாதையில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. வழி தருவதை மறுக்க விவசாயிக்கு உரிமையும் இல்லை, அதற்கு 1885-ம் ஆண்டு தந்திச் சட்டம் போதும். 2024 ஜூனில் அந்த விகிதங்களைக் கோபுரத்துக்கு 200, பாதைக்கு 30 என்று உயர்த்தினார்கள். நல்லது. முன்பு கொடுத்தது அநியாயம் என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் படிக்க முடியும். இந்தக் கணக்கையும் மானியக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டாமா?

சரி, நிலத்தடி நீர். இங்கே எதிர்த்தரப்பின் கவலை என் கவலையும்தான். நூறடியில் இருந்த தண்ணீர் ஆயிரம் அடிக்குப் போய்விட்டது. இந்த மாவட்டத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல் காவியேறிய பிள்ளைகளையும் முட்டி மடக்க முடியாத பெரியவர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மின்சாரம் சும்மா கிடைப்பதால் பக்கத்துத் தோட்டக்காரரோடு போட்டி போட்டு ஆழம் போகும் துணிச்சல் வருகிறது என்பதையும் மறுக்கவில்லை. விவசாய இணைப்பில் எடுத்த தண்ணீரை லாரியில் விற்கிறவர்களைப் பிடித்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பதிலும் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் தண்ணீரைக் காக்க வேண்டுமானால் தண்ணீருக்குத்தான் சட்டம் வேண்டும். தமிழ்நாடு 2003-ல் நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பத்து ஆண்டுகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருந்து, 2013-ல் ரத்தும் செய்தது. எத்தனை போர் போடலாம், எவ்வளவு இடைவெளி வேண்டும், ஏரியை யார் ஆக்கிரமித்திருக்கிறார், வரத்துக் கால்வாயை யார் அடைத்தார் என்று கேட்கும் வேலையை அரசு செய்யவில்லை. அந்த வேலையை மின்கட்டண ரசீது செய்துவிடும் என்று எதிர்பார்ப்பதில் எந்த நியாயமும் இல்லை. கட்டணம் வந்தால் பணம் உள்ளவர் கட்டிவிட்டு இறைப்பார். இல்லாதவர் நிலத்தைக் கரம்பாகப் போட்டுவிட்டுப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுவார். தண்ணீர் மிஞ்சாது. ஆள்தான் குறைவார்.

பஞ்சாபைப் பாருங்கள். அங்கேயும் மின்சாரம் இலவசம். நீர்மட்டம் சரிந்தபோது 2009-ல் அந்த மாநிலம் நெல் நடவை எந்தத் தேதிக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டம் போட்டது. தண்ணீரைக் குடிப்பது எது என்று பார்த்து அங்கே கைவைத்தார்கள். அங்கே தண்ணீரைக் குடித்தது, அரசு உறுதியாகக் கொள்முதல் செய்யும் நெல். அரசு எதை வாங்குகிறதோ அதைத்தான் விவசாயி போடுவார். இந்த வழியில் நம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2023-ல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள், அதற்காகக் கேழ்வரகைக் கொள்முதலும் செய்தார்கள். கேழ்வரகும் சாமையும் இந்த மண்ணில் மானாவாரியாக வருபவை. அவற்றுக்கு நல்ல விலையும் நிச்சயமான கொள்முதலும் இருந்தால், எந்த மீட்டரும் இல்லாமல் மோட்டார் ஓடும் நேரம் குறையும். இரண்டு கிலோவை ஐந்தாக்கட்டும், பள்ளிச் சத்துணவிலும் விடுதிகளிலும் சேர்க்கட்டும். அதற்குச் செலவழிக்கும் பணம் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்துச் செலவழிக்கும் பணம்.

கட்டண வாதிகளில் பலர் கூடவே சோலார் பம்பையும் பரிந்துரைக்கிறார்கள். 2019 முதல் பிரதமரின் குசும் திட்டமும் மாநில மானியமும் அதற்கு இருக்கின்றன. சோலார் பம்பு போட்டபின் வெயில் அடிக்கும் வரை தண்ணீர் எடுக்க ஒரு பைசா கூட ஆகாது. சும்மா கிடைப்பதால்தான் நிலத்தடி நீர் போகிறது என்று நம்புகிறவர்கள், இன்னும் சும்மா கிடைக்கும் ஒன்றை எப்படிச் சிபாரிசு செய்கிறார்கள்? அவர்களுக்கு உறுத்துவது தண்ணீரா, வாரியத்தின் கணக்குப் புத்தகமா என்பதை அவர்கள்தான் தெளிவுபடுத்த வேண்டும். சூரிய மின்சாரத்தை எனக்கும் பிடிக்கும், வேறு விதமாக. ஒவ்வொரு தோட்டத்திலும் தனித்தனிப் பேனலுக்குப் பதிலாக, துணைமின் நிலையத்துப் பக்கத்தில் சூரிய மின்நிலையம் வைத்து, விவசாயத்துக்கென்று தனியாகப் பிரித்த ஃபீடரில் பகலில் மட்டும் எட்டு மணி நேரம் தடங்கலில்லாத மும்முனை மின்சாரம் தரலாம். மகாராஷ்டிரம் 2017-ல் இந்த வழியில் இறங்கியது. வாரியத்துக்கு மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நண்பகலில் பம்புகள் ஓடும், மாலை உச்ச நேரத்தில் சுமை குறையும், விவசாயி ராத்திரி வரப்பில் நிற்க வேண்டியதில்லை. போர் ஊறுவதற்கு ராத்திரி முழுக்கக் கிடைக்கும்.

மீட்டர் என்றாலே விவசாயிகள் எதிர்க்கிறார்களே என்று கேட்கலாம். ஏன் எதிர்க்கிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவைப் பகுதியில் சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டபோது, பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. 2003-ல் அன்றைய மாநில அரசு மறுபடி கட்டணம் போட்டது, 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றபின்தான் திரும்ப எடுத்தது. இன்று அளப்பதற்கு மட்டும்தான் என்று மாட்டுகிற மீட்டர், நாளை பில் போடாது என்பதற்கு யார் உத்தரவாதம்? அதனால் அளக்க விரும்பினால் தோட்டத்தில் மாட்ட வேண்டாம், டிரான்ஸ்பார்மரில் மாட்டுங்கள். ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழ் இத்தனை இணைப்பு, இத்தனை எச்.பி., இந்த மாதம் இத்தனை யூனிட் போனது என்று தெரிந்தால் போதும். விவசாயம் எவ்வளவு, இழப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு அதிலேயே பதில் வந்துவிடும். அடுத்த முறை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்துக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும்போது, பம்புசெட்டின் மேல் பழி சொல்ல வருகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்கட்டும். பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என்று கோட்டவாரியாக அதை வெளியிட வாரியத்தை வலியுறுத்தட்டும். அந்தக் கோரிக்கையில் எங்கள் ஊர் விவசாயிகளும் கையெழுத்துப் போடுவார்கள்.